கோட்டை விட்ட றோபோக்கள்: வன்னி வெயிலில எங்கட அனுபவங்கள்

கிளிநொச்சிப் பக்கத்தில இருந்து

நிலத்தில இருக்கிற கறுப்புக் கோட்டைப் பிடிச்சு ஓடுற றோபோ எண்டதும் எல்லாரும் புரோகிராமைப் பற்றித்தான் கதைக்கினம். எங்கட பக்கத்தில அதைவிடப் பெரிய வில்லங்கம் வெயிலும் நிலமும்.

எங்கட சனசமூக நிலையத்தோட ஒட்டின கிடுகுக் கொட்டிலில உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளையளோட ஒண்டு செய்தம். அர்டுயினோ ஊனோ எண்ட சின்னக் கணினிப் பலகை, கோட்டைப் பாக்க ஐந்து டிசிஆர்டி5000 சென்சர், மஞ்சள் கியர் மோட்டர் இரண்டு. பாதைக்குப் பழைய பனர் ஒண்டைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பின்பக்கத்தில கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒட்டினம். இரவு ரியூப் லைட் வெளிச்சத்தில வளைவெல்லாம் எடுத்து ஓடிச்சுது. அடுத்தநாள் மத்தியானம் அதே பாதையில நல்லாப் போய்க்கொண்டிருந்தது திடீரெண்டு விலத்திப் போய் மதிலில முட்டும். ஒவ்வொரு ஓட்டத்திலயும் வேற வேற இடம். பிள்ளையள் வயரை ஆட்டிப் பாக்கினம், புரோகிராமைத் திரும்ப ஏத்தினம். ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியில ஒரு தங்கச்சிதான் கண்டுபிடிச்சா. கூரைக் கிடுகு ஓட்டையளுக்கால வெயில் வட்ட வட்டமா நிலத்தில விழுகுது. அந்த வட்டம் ரேப்பில விழுந்த இடத்திலதான் றோபோ கோட்டை விடுகுது. வெயில் நகர நகர விடுற இடமும் மாறுது.

காரணம் இதுதான். டிசிஆர்டி5000 கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, 950 நானோமீற்றர் அளவில, நிலத்துக்கு அடிச்சுத் திரும்பி வாறதை அளக்குது. வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு விழுங்கும். ஆனா வெயிலிலயும் அகச்சிவப்பு நிறைய இருக்கு. எங்கட சேர்கிட்டில திரும்பி வாற ஒளி கூடினால் எண் குறையும்: இரவு வெள்ளைக்கு 100 இற்குக் கீழ, கறுப்புக்கு 800 இற்கு மேல வாசிப்பு வந்தது (அர்டுயினோ 0 இல இருந்து 1023 வரை காட்டும்). வெயில் வட்டத்துக்குள்ள கறுப்பும் வெள்ளை மாதிரியே காட்டிச்சுது. பிறகெப்பிடி அது கோட்டைக் காணும்?

சென்சரில அகச்சிவப்பு அடிக்கிற எல்ஈடியை அணைச்சு ஒருக்கா, எரிச்சு ஒருக்கா வாசிச்சுக் கழிக்கிற முறை ஒண்டு இருக்கு. கொட்டில் நிழலுக்கு அது உதவிச்சுது. நேர் வெயிலுக்குச் சரிவரேல்ல, ஏனெண்டால் ஒளியைப் பிடிக்கிற போட்டோ டிரான்சிஸ்டர் ஏற்கெனவே நிரம்பி நிக்குது, கழிக்க மிச்சம் ஒண்டுமில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, சென்சரைச் சுத்தி நிலத்தில முட்டும் முட்டாததுமாப் பாவாடை கட்டினதுதான் கைகொடுத்தது. றபரில கரி கலந்திருக்கிறதால அகச்சிவப்பும் உள்ள வராது. டிசிஆர்டி5000 எப்பிடியும் நிலத்துக்கு ஒருசில மில்லிமீற்றர் கிட்ட இருந்தால்தான் நல்லா வேலை செய்யும், அதால பாவாடை சின்னன்தான்.

சோளகக் காத்து தொடங்கினாப் பிறகு புழுதி வேற. ஓட முதல் சென்சரையும் முன்சில்லா உருளுற குண்டையும் ஒருக்கா துடைச்சு விடுங்கோ.

மல்லாவியில இருந்து

அண்ணை, எங்களுக்கு வெயிலே தேவைப்படேல்ல, வீட்டுக்குள்ளயே குழப்பினது. வெள்ளை மட்டையில கறுப்பு மார்க்கரால தடிப்பாக் கீறினம். கண்ணுக்கு நல்ல கறுப்பு, றோபோவுக்கு அங்க கோடே இல்லை. சில கறுப்பு மைக்குள்ள அகச்சிவப்பு ஊடுருவிப் போய் அடியில இருக்கிற வெள்ளையில பட்டுத் திரும்பி வந்திடும். கரி சேர்ந்த கறுப்புத்தான் உண்மையில விழுங்கும்.

அம்மாவிட்ட சிரட்டைக்கரி வாங்கி அரிச்சு, மாப்பசையில குழைச்சு சீமெந்து நிலத்தில பூசினம். அப்பதான் பிடிச்சுது. (நிலத்தைக் கழுவினது ஆர் எண்டு கேக்காதேங்கோ.) எந்தக் கறுப்பெண்டாலும் முதல் சென்சரைப் பிடிச்சு வாசிப்பைப் பாத்திட்டுப் பாதை போடுங்கோ. எல்ஈடி எரியுதோ எண்டு பாக்க ஃபோன் கமரா போதும். முன்பக்கக் கமராவில மங்கின ஊதாவாத் தெரியும்.

புதுக்குடியிருப்பில இருந்து

என்ர பிரச்சினை பற்றறி. லப்ரொப் பற்றறி உடைச்செடுத்த 18650 செல் இரண்டு, மோட்டரை ஓட்டுற எல்298என் போட். சாச் நிரம்பியிருக்கேக்க 8.4 வோல்ற், வேகமா ஓடும். கொஞ்ச நேரத்தில சோர்ந்து, வளைவில நிண்டு நடுங்கும். எல்298என் பழைய வகை டிரான்சிஸ்டர் சிப், தானே இரண்டு வோல்ற் அளவில விழுங்கிச் சூடாக்கிப்போடும். அதுக்குப் பதிலா டிபி6612 எண்ட போட்டைப் பூட்டினாப் பிறகு அந்த நட்டம் நல்லாக் குறைஞ்சுது. மஞ்சள் மோட்டருக்கு அதின்ர 1.2 அம்பியர் போதும்.

கடையில 9900 எண்டு எழுதின 18650 கண்டால் வாங்காதேங்கோ. நல்ல கம்பனிச் செல்லே பெரும்பாலும் 3500 மில்லியம்பியர்-மணித்தியாலம் அளவிலதான் நிக்குது.

பற்றறி சோர்ந்துபோற கதையை வீட்டில சொல்ல அப்பா சிரிச்சார். யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்க பற்றறியே உள்ள வராத காலத்தில, சைக்கிளைக் கவிட்டுப் போட்டு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஆள் அவர். சுத்துற வேகம் குறைஞ்சால் செய்தி வாசிக்கிறவரின்ர சத்தமும் குறையுமாம். "உன்ர றோபோவுக்கும் அதே வருத்தந்தான்" எண்டார்.

ஓமந்தையில இருந்து

இரண்டு சென்சரோட ஓட ஏலாதோ? ஐஞ்சு வாங்கக் காசு கிடக்கோணுமே.

கிளிநொச்சி

ஏலும் தம்பி. ஆனா "இடம், வலம்" எண்டு மட்டும் தெரிஞ்சால் அது வெட்டி வெட்டித்தான் போகும். ஐஞ்சு இருந்தால் கோடு எவ்வளவு விலகியிருக்கு எண்டு தெரியும்: மைனஸ் 2 இல இருந்து 2 வரை ஒரு எண். அதை வைச்சுத் திருப்புற முறைக்குப் பிஐடி எண்டு பேர். அந்த எண்ணுக்கு ஏத்தளவு திருப்பினால் பி. விலகல் கூடுதோ குறையுதோ எண்டு பாத்து முன்கூட்டியே அடக்கினால் டி. 1922 இல மினோர்ஸ்கி எண்ட பொறியியலாளர், கப்பலில சுக்கான் பிடிக்கிற ஆக்களைக் கவனிச்சு எழுதின கணக்கு இது. மிச்சம் இருக்கிற ஐ, விலகலைக் கூட்டிக் கூட்டிச் சேர்த்துப் பாக்கிறது, எங்களுக்குத் தேவைப்படேல்ல.

சென்சரைச் சில்லு அச்சில இருந்து கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிப் பூட்டு. ரக்டரில நேரா உழுறவர் சில்லையே பாத்துக்கொண்டு உழமாட்டார்தானே. முதல் வேகத்தைப் பாதியாக் குறைச்சு, டியைப் பூச்சியமா வைச்சு, றோபோ லேசா ஆடத் தொடங்கிற வரைக்கும் பியைக் கூட்டு. பிறகு ஆட்டம் நிக்கிற வரைக்கும் டி. வேகத்தைக் கூட்டினால் இரண்டையும் திரும்பப் பாக்கோணும்.

காசு முட்டெண்டால் மூண்டு சென்சரோட தொடங்கு. பலகையில பூட்டி வாற சென்சரை விட்டிட்டு வெறும் டிசிஆர்டி5000 வாங்கி நீயே சோல்டர் பண்ணு, மலிவு. எல்ஈடியை அணைச்சு எரிக்கவும் அப்பதான் வசதி.