புதுப்பிப்பு: அப்பாவின் கணினிக் கணக்கை மாற்றியாயிற்று

மின்தடைக்குப் பிறகு அப்பாவின் விண்டோஸ் 10 கணக்கு தற்காலிகச் சுயவிவரத்திலேயே (அவருடைய கோப்புகள், அமைப்புகள் எதுவும் தெரியாத வெற்றுக் கணக்காக) திறக்கிறது, கோப்புகளைப் புதுக் கணக்குக்கு எப்படிக் கொண்டுபோவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரி, முடிந்தது.

மூன்றாவதாக ஒரு அட்மின் கணக்கு தொடங்கி, அதிலிருந்து நகலெடுத்தேன். மற்ற இரண்டும் லாக்-ஆஃப் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கோப்புகள் 'பயன்பாட்டில் உள்ளது' என்று அடம்பிடிக்கும். கணக்கின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும், என்டியூசர் (NTUSER) என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் தொடவில்லை. பழுது அதற்குள் இருந்தால் அதையும் சேர்த்துத் தூக்கிவந்த கதையாகிவிடும்.

நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஆப்டேட்டா (AppData) என்ற இடத்திலிருந்த ஃபயர்ஃபாக்ஸ் கோப்புறையை அப்படியே போட்டதும் புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் வந்துவிட்டன. குரோம் கடவுச்சொற்கள் அப்படி வராது. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டப்பட்டவை. கூகுள் ஒத்திசைவு (கடவுச்சொற்களைக் கூகுள் கணக்கிலும் சேமித்து வைப்பது) இருந்ததால் தப்பித்தேன்.

டெஸ்க்டாப் ஐகான் வரிசை போச்சு. அப்பாவுக்கு அதுதான் பெரிய குறை! பழைய கணக்கை ஒரு மாதம் கழித்துத்தான் அழிப்பேன்.