பேஸ்புக்கில் லைக், மண்டபத்தில் வெறுங்கதிரை

உப்புவெளித் தையல்:
திருகோணமலை மாவட்டத்தில் நிலாவெளி, மூதூர், தம்பலகாமம் மூன்று இடத்திலும் பெண்களுக்குத் தையலும் சிறுசேமிப்பும் பழக்குகிற சின்ன அமைப்பு எங்களுடையது. பேஸ்புக்கில் எது போட்டாலும் லண்டன், கனடாச் சனம்தான் லைக் போடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் 110 பேர் இருக்கிறார்கள், கூட்டம் வைத்தால் 12 பேர் வருகிறார்கள். இணைய வேலையைக் குறைத்துவிட்டு ஊருக்குப் போவதா, இல்லை இதையே திருத்துவதா?

கிண்ணியாப் பாலம்:
முதல்ல அந்த 110 போனும் யார் கையில இருக்கு எண்டு பாருங்க. கொப்பியில மனுசியின் பெயர் இருக்கும், போன் புருசன்ட. அவர் கடலுக்குப் போனா போனும் போகும். காலையில போட்ட அறிவித்தல் கூட்டம் கலைஞ்ச பிறகுதான் வீட்டுக்கு வரும். பதிவுக் கொப்பியில ரெண்டு நிரல் கூடக் கீறுங்க: போன் யாருடையது, எத்தனை மணிக்கு அவட கையில இருக்கும்.

அடுத்தது, சாதாரணக் குழுவில எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ராத்திரியில தெரியாத கோல் ரெண்டு வந்தாப் போதும், பெண்கள் குழுவை விட்டுப் போயிருவாங்க, காரணமும் சொல்ல மாட்டாங்க. வாட்ஸ்அப்பில 'கொமியூனிற்றி' எண்டு ஒண்டு இருக்கு, அதுல வாற அறிவித்தல் குழுவுக்கு மாறுங்க. அதுல நம்பர் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும். புரோட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜை எல்லாருக்கும் தனித்தனியா அனுப்புற பட்டியல்) எண்டா ஒண்டுக்கு 256 பேர். ஆனா உங்கட நம்பரைத் தங்கட போன்ல சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும். முக்கால்வாசிப் பேர் சறுக்குறது இங்கதான். பதிவு எடுக்கிற அந்த இடத்திலயே போனை வாங்கி சேவ் பண்ணிக் குடுங்க.

இங்கிலிஷ் எழுத்தில தமிழ் அடிக்காதீங்க, அம்மாமாருக்கு அது விளங்காது. 30 செக்கன் வொய்ஸ் போதும்: இடம், நேரம், என்ன கொண்டு வரணும். ரெண்டு நாளுக்கு முன்ன ஒருக்கா, முதல்நாள் பின்னேரம் ஒருக்கா. யூடியூப் லிங்க் வேண்டாம். வாட்ஸ்அப்புக்கு மட்டும் டேட்டா கார்ட் போடுறவங்களுக்கு அது திறக்காது.

சாம்பல்தீவு:
மேலே சொன்னது சரி. ஆனால் மெசேஜ் ஞாபகப்படுத்தத்தான் உதவும், வாசலில் போய்க் கேட்டால்தான் ஆள் வரும். 12 முதல் 15 வீட்டுக்கு ஒரு பெண்ணைப் பிடியுங்கோ. மாதர் சங்கத் தலைவியை எடுக்காதேங்கோ. அவவோடு கோபமான வீடுகள் உங்களோடும் கோபமாகிவிடும். முன்பள்ளி ரீச்சர், இல்லையென்றால் பெட்டிக்கடை வைத்திருக்கிறவ நல்லது. ரீலோட் காசையும் ஓட்டோக் காசையும் மாதம் தவறாமல் குடுங்கோ. "தொண்டுதானே" என்று விட்டால் மூன்றாம் மாதம் ஆள் காணாமல் போய்விடும்.

நேரத்தையும் பாருங்கோ. மூதூரில் வெள்ளி மத்தியானமும் நோன்பு மாதப் பின்னேரமும் வேண்டாம். தம்பலகாமத்தில் பெரும்போக அறுவடை நேரம் சும்மா கதிரை வாடகைக்கு எடுக்காதேங்கோ.

உப்புவெளித் தையல்:
போன் நிரல் நல்ல யோசனை. அப்போ வெளிநாட்டுச் சனத்தை என்ன செய்வது? காசு அங்கிருந்துதானே வருகிறது.

மணிக்கூட்டுக் கோபுரம்:
அவர்களுக்குப் பேஸ்புக்கை விட்டுவிடுங்கள், ஊருக்கு அதைக் காட்டி மினக்கெட வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு ஸூம் போதும். ஞாயிறு இரவு 7 மணிக்கு வையுங்கள். கோடை காலத்தில் அது லண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. அங்கே குளிர்காலத்தில் கடிகாரம் மாறினால் ரெண்டுக்கும் ஒரு மணித்தியாலம் குறையும். பற்றுச்சீட்டுப் படங்களைக் காட்டுங்கள், கடைக்காரரின் போன் நம்பரை மறைத்து.

பொதி கையில் குடுக்கிற படம் வேண்டவே வேண்டாம். வாங்குகிற பெண்ணின் முகம் ஊர் முழுக்கப் போகும், அடுத்த கூட்டத்துக்கு அவ வரமாட்டா. தைக்கிற கை, மெஷின், முடித்த சட்டை போதும். முகம் வேண்டுமென்றால் ரெண்டு தரம் கேளுங்கள்: படம் எடுக்கலாமா, பேஸ்புக்கில் போடலாமா. அனேகமாக முதலாவதுக்கு ஓம், ரெண்டாவதுக்கு இல்லை. எடுத்த படத்தைக் கழுவி அடுத்த தரம் கையில் கொண்டுபோய்க் குடுங்கள்.

இன்னொன்று. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப்பை முடக்கியது. அதனால் அந்தப் பதிவுக் கொப்பியின் ஒரு பிரதி கடதாசியில் ஒவ்வொரு ஊர்ப் பொறுப்பாளரிடமும் இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு ஒருக்காத் திருத்தி. சிம் மாற்றாத வீடு இங்கே குறைவு.