உதவி தேவை: கோவில் கிணற்றில் எண்ணெய் வாடை, ஞாயிறு தூர் எடுக்கலாமா?

கிணற்றடி (பட்டர்வொர்த், மலேசியா):
வணக்கம். எங்கள் கம்பத்து (கிராமத்து) கோவிலில் ஒரு பழைய உறைக் கிணறு. பதினெட்டு அடி ஆழம். மழைக்காலத்தில் ஆறடியிலேயே தண்ணீர் நிற்கும். அபிஷேகத்துக்கும் தீர்த்தத்துக்கும் இந்தத் தண்ணீர்தான். மூன்று வாரமாக மூடியைத் திறந்தால் எண்ணெய் வாடை, வாளியில் வானவில் நிறப் படலம். எண்பது மீட்டர் தள்ளி ஓர் எண்ணெய் (பெட்ரோல், டீசல்) ஸ்டேஷன் இருக்கிறது. போய்க் கேட்டோம், நிலத்தடி டேங்கில் கசிவு எதுவும் இல்லை என்கிறார்கள். தினமும் பம்ப் போட்டுக் கிணற்றைக் காலி செய்து லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விடுகிறோம். வாடை சற்றுக் குறைகிறது, மறுநாள் முன்பைவிட அதிகமாக வருகிறது. ஞாயிறு ஆளை இறக்கித் தூர் எடுப்பதாக இருக்கிறோம். செய்யலாமா?

நிலத்தடி:
ஐயா, ஞாயிறு யாரையும் இறக்காதீர்கள். முதலில் கமிட்டியிடம் இதைச் சொல்லிவிட்டு வந்து மற்றதைப் படியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, கிணற்றுக்குள் தேங்கி நிற்கும். இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். காற்றில் ஒன்றரை விழுக்காடு கலந்தாலே பற்றிக்கொள்ளும். கிணற்றடியில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் வேண்டாம். பம்ப் சுவிட்சையும் தொடாதீர்கள். வாடை வீடுகளுக்குள் வந்தால் 999க்குப் போன் செய்து தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

இறைப்பதையும் இன்றே நிறுத்துங்கள். பெட்ரோலும் டீசலும் நிலத்தடி நீரின் மேல் மிதப்பவை. ஒரு பங்கு தண்ணீரில் கரைந்து அதன் போக்கில் நகரும். நீங்கள் கிணற்றைக் காலி செய்யும்போது சுற்றியுள்ள நீர் மட்டம் கிணற்றை நோக்கிச் சரிகிறது, எங்கோ இருந்த எண்ணெயும் கூடவே வருகிறது. மறுநாள் வாடை ஏறுவது இதனால்தான். லோங்காங்கில் விட்டதும் கடலுக்குத்தான் போகும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். வாளியில் உள்ள படலத்தைக் குச்சியால் கலைத்தால் கண்ணாடிச் சில்லுபோல் உடைந்து பிரிந்தே நிற்கிறதா, சுழன்று மறுபடி ஒட்டிக்கொள்கிறதா? முதலாவது என்றால் இரும்புச் சத்தில் வளரும் நுண்ணுயிர் படலமாக இருக்கலாம். ஒட்டிக்கொண்டால் எண்ணெய்தான்.

கிணற்றடி:
ஒட்டிக்கொள்கிறது. தூர் எடுப்பதை நிறுத்திவிட்டோம், நன்றி. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் வாடை போகிறதே, தீர்த்தமாகக் கொடுக்கலாமா என்று பூசாரி கேட்கிறார்.

ஆய்வுக்கூட அக்கா:
வேண்டாம் தம்பி. கொதித்துப் போகும் பென்சீன் (பெட்ரோலில் உள்ள ஒரு பொருள்) அடுப்படியில் நிற்பவரின் மூச்சுக்குள்தான் போகும். மீதி தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று மூக்குக்குத் தெரியாது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். நாம் முகர்ந்து உணர்வதற்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் பொருள். சோதனை முடியும்வரை குழாய்த் தண்ணீரில் அபிஷேகம் நடக்கட்டும்.

மாதிரி எடுப்பதில்தான் நிறைய பேர் தவறுகிறார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து வந்தால் பாதி ஆவியாகிவிடும். எங்களிடம் 40 மில்லி கண்ணாடிக் குப்பி கிடைக்கும், உள்ளே சில துளி அமிலம் இருக்கும். ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டு வாருங்கள். 14 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும். வரும் வழியில் காருக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், அந்தக் கையோடு குப்பியைத் தொட்டால் கணக்கே மாறிவிடும். பெட்ரோலில் இருக்கக்கூடிய பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன், எம்டிபிஇ (பெட்ரோலில் கலக்கும் சேர்மானம்) ஐந்தையும் கேளுங்கள். மொத்த ஹைட்ரோகார்பனை (எண்ணெய்ப் பொருட்களின் மொத்த அளவை) பெட்ரோல் பகுதி, டீசல் பகுதி என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். சாம் (மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடமாக இருந்தால்தான் அறிக்கை நாளை எங்கும் நிற்கும்.

கிணற்றடி:
குப்பி வாங்கியாயிற்று. இன்னொரு செய்தி. கோவிலுக்குப் பின்னால் காலி நிலம் இருக்கிறதே, அங்கே முன்பு லாரி ஒர்க்‌ஷாப் இருந்ததாம், மண்ணுக்கடியில் டீசல் டேங்க் புதைத்திருந்தார்களாம். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் சொல்கிறார்.

நிலத்தடி:
பாட்டிக்கு என் வணக்கம். விசாரணையின் முதல் கட்டமே இதுதான்: பழைய வரைபடம், வானிலிருந்து எடுத்த படம், அந்த இடத்தில் வாழ்ந்தவர்களின் ஞாபகம். துளை போடுவது அதற்கு அப்புறம். அவர் கை காட்டும் இடத்தை இன்றே படம் எடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். ஒற்றைச் சுவர் இரும்பு டேங்க் மண்ணில் துருப்பிடித்துப் பல வருஷம் சத்தமில்லாமல் கசியும்.

ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பதால் மட்டும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். பட்டர்வொர்த் சமநிலம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று கண்காணிப்புக் குழாய் (நிலத்தடி நீரைப் பார்க்க மண்ணில் துளையிட்டு இறக்கும் குழாய்), ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாகப் போட்டு, ஒவ்வொன்றின் வாய் உயரத்தையும் அளந்து, நீர் மட்டத்தை ஒரே வேளையில் எடுக்க வேண்டும். கடல் பக்கம் என்பதால் ஏற்றவற்றத்தில் மட்டம் ஆடும், ஒரு நாள் அளவை நம்பாதீர்கள். குழாயின் சல்லடைப் பகுதி நீர் மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது, ‘ஒன்றுமில்லை’ என்று அறிக்கை வந்துவிடும். இந்தத் தவற்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவும் கோவில் காசில் செய்யும் வேலை இல்லை. சுற்றுச்சூழல் இலாகாவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். மாசடைந்த நிலத்துக்கு அவர்கள் 2009ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனின் டேங்க் அளவுப் பதிவையும் பார்க்கக் கோருங்கள். வந்த லிட்டர், விற்ற லிட்டர், தினசரி அளவுக்கோல் கணக்கு மாதக்கணக்கில் ஒரே பக்கம் குறைந்துகொண்டே போனால், கசிவு உண்டு என்று அதுவே பேசும்.

கேஎல்வாசி:
எங்கள் கோலாலம்பூர் பக்கம் சுண்ணாம்புப் பாறை. பொந்துகளில் தண்ணீர் ஓடுவதால் மூன்று குழாய் முக்கோணம் அப்படியே பொருந்தாது. உங்கள் மண்ணில் பொருந்தும்.

கிணற்றடி:
அறிக்கை வந்தது. டீசல் பகுதிதான் அதிகம், பெட்ரோல் பகுதி சொற்பம். அப்படியானால் ஒர்க்‌ஷாப்தானா?

ஆய்வுக்கூட அக்கா:
அவசரப்படாதீர்கள். ஸ்டேஷனிலும் டீசல் விற்கிறார்கள். பழைய கசிவு என்றால் லேசான பொருட்கள் முதலில் போய்விட்டு, கனமானவைதான் மிஞ்சும். ஓட்டத்தின் திசை தெரிந்தபின் பேசலாம்.

கிணற்றடி:
சரி அக்கா. புகாரோடு அறிக்கை, படம், பாட்டி சொன்னது மூன்றையும் இணைத்துக் கொடுத்துவிட்டோம். அதிகாரிகள் வியாழக்கிழமை இடம் பார்க்க வருகிறார்கள். கிணற்றுக்கு மூடி போட்டுக் கயிறு கட்டியாயிற்று, விளக்கு மாடத்தை மண்டபத்துக்குள் மாற்றிவிட்டோம். வந்து போனதும் எழுதுகிறேன்.