புதுப்பிப்பு: பிள்ளைகளோடு குடும்ப ஜெபம், ஒரு திருத்தமும் ஒரு பதிலும்

முந்தைய பதிவில் குடும்ப ஜெபத்தை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கச் சொல்லியிருந்தோம். அதை மாற்றிக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்ததும் ஏழு வயதுப் பிள்ளைக்குக் கண் சொருகிவிடும். விளக்கு வைத்த கையோடு பத்தே நிமிடம் போதும்: ஒரு பாட்டு, நாலைந்து வசனம், பிள்ளை தன் வாயாலேயே சொல்லும் ஒருவரி ஜெபம். மனப்பாடத்துக்கு 23ஆம் சங்கீதம் நல்லது. ஆறே வசனம், வாரத்துக்கு ஒன்று.

இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையில் (மாற்கு 4) சில விதை வழியருகே விழுந்து பறவைக்கு இரையாகும், சில பாறை நிலத்தில் முளைத்துக் கருகும், சில முள்ளுக்குள் நெருக்குண்டு போகும், நல்ல நிலத்தில் விழுந்தது பலன் தரும். இதைச் சொன்னால் "வழியில போய் யாராவது விதைப்பாங்களா?" என்று பிள்ளைகள் கேட்பதாகப் பலர் எழுதியிருந்தீர்கள். நாற்று நடவையே பார்த்து வளரும் பிள்ளை அப்படிக் கேட்பது நியாயம்தான். இயேசு வாழ்ந்த நாட்டில் கோதுமையும் வாற்கோதுமையும் மழையை நம்பிக் கையால் வீசி விதைத்தவை; அப்படி வீசும்போது சில வழியிலும் விழும். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் சம்பா நெல்லுக்கு நேரடி விதைப்பு (நாற்று நடாமல் விதையையே வயலில் தூவுவது) நடக்கும்போது கூட்டிப்போய்க் காட்டுங்கள். வரப்பில் சிதறிய நெல்லை மைனா கொத்துவது கண்ணெதிரே தெரியும். ஒரு மாதம் கழித்து அதே வயலுக்குப் போங்கள். உவமையின் முள்ளைப் போலக் கோரைக்களை மண்டிய மூலையில் பயிர் நோஞ்சானாக நிற்கும். பாறை நிலத்தைக் காட்ட மட்டும் காவிரி டெல்டாவில் வழியில்லை. மாடித் தளத்தில் ஒரு விரற்கடை மண் பரப்பிப் பச்சைப்பயறு தூவுங்கள். மூன்று நாலு நாளில் முளைவிடும். தண்ணீரை நிறுத்தினால் வெயிலில் கருகிவிடும். வேர் இறங்க இடமில்லை என்பதைப் பிள்ளையே பிடுங்கிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, தயவுசெய்து: "ஆண்டவரே, இவன் பொய் சொல்றான்" என்று ஜெபத்துக்குள் கண்டிக்காதீர்கள். தன்னைக் காட்டிக்கொடுக்கிற இடமாகிவிட்டால் பிள்ளை அங்கே வாயே திறக்காது. கண்டிப்பைத் தனியாக, முகம் பார்த்துச் செய்யுங்கள்.