மாநகராட்சி பட்ஜெட், ஓய்வூதியக் கணக்கு: பிரித்துப் பார்க்க ஆள் தேவை

வணக்கம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களுக்குச் சென்னை மாநகராட்சி ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று எந்தக் கட்சியும் சாராமல் கணக்கெடுக்கிறோம். உதவி வேண்டும்.

முதல் வேலை, பட்ஜெட் புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களை எக்ஸெலில் ஏற்றுவது. மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு மூன்றும் அடுத்தடுத்து இருந்தாலும் வேறு வேறு வருடத்தவை. 2022-23 மதிப்பீட்டுக்கு உண்மைச் செலவு 2024-25 புத்தகத்தில்தான் வரும். ஒரே புத்தகத்துக்குள் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

ஓய்வூதியம்தான் பெரிய சிக்கல். 2022-23-ல் இருந்த முறைப்படி, 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 10 சதவீதம் பிடித்தம், அதே அளவு நிர்வாகத்தின் பங்கு. சம்பளத்தில் பிடித்த தொகையையும் நிதியில் கட்டிய தொகையையும் தனித்தனி வரியில் போடணும். சேர்த்துப் போட்டால், பிடித்தும் நிதியில் கட்டாமல் விட்ட நிலுவை மறைந்துவிடும். அது ஊழியர்களின் பணம், விடக்கூடாது. உள்ளாட்சி நிதித் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் கணக்குத் தலைப்புகளைச் சரிபார்த்துத் தந்தால் பெரிய உதவி.

தகவல் உரிமை மனு போடவும் ஆள் வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் கட்டவில்லை" என்று கேட்காதீர்கள், தட்டிக்கழிப்பார்கள். "மாதவாரி பிடித்தப் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு.

முடிந்தவர்கள் எந்த வேலை என்று கமெண்டில் சொல்லுங்கள்.