வீட்டில் படித்ததைத் தேர்வில் மறப்பது ஏன்?

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மாலை முழுவதும் பாடத்தை வரிவரியாக வாசிக்கிறாள், ஆயினும் தேர்வில் பாதிக் கேள்விகளுக்கு விடை எழுதாமல் விட்டுவிடுகிறாள். குறை பள்ளியிலா, வீட்டிலா, அவள் படிக்கும் முறையிலா?

பதில் 1: பள்ளியை மட்டும் குறைசொல்ல இயலாது. அமெரிக்காவில் 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் வெளியான அறிக்கை, பள்ளிகளின் வசதி வேறுபாட்டைக் காட்டிலும் குடும்பப் பின்னணியே மாணவர்களின் தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டியது. அதற்காக ஆசிரியரின் பங்கைச் சிறிதாக எண்ணிவிடக் கூடாது.

பதில் 2: நான் ஆசிரியை. முதலில் அவளுடைய கண்களைப் பரிசோதியுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுவன் கரும்பலகையைக் கண்களைச் சுருக்கிப் பார்ப்பான்; பிறகு பக்கத்திலிருப்பவனின் நோட்டைப் பார்த்தே எழுதுவான். கவனமில்லாதவன் என்று அவனைக் கடிந்துகொண்டதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. கண்ணாடி அணிந்த பின்னரே அவன் தானாக எழுதத் தொடங்கினான். உறக்கத்தையும் கவனியுங்கள்: 6 முதல் 12 வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரம் தேவை.

பதில் 3: நீங்கள் சொல்வதைப் பார்த்தால், படிக்கும் முறையே முதன்மைக் காரணமாகத் தோன்றுகிறது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது பாடம் பழகிப்போவதால், தெரிந்துவிட்டது என்ற மயக்கம் உண்டாகிறது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால்தான் எது பதிந்தது, எது பதியவில்லை என்பது புலப்படும். ஒரு பத்தி முடிந்ததும் அதை உங்களிடம் அவள் சொந்தச் சொற்களில் சொல்லட்டும். இரண்டு நாள் கழித்து அதையே மீண்டும் கேளுங்கள்.