துவர்ப்பு குறைந்த சிவப்பு வைன் எது? சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். வைனில் எனக்கு எது பிடிக்கும் என்பது ஓரளவு பிடிபட்டுவிட்டது. அடுத்து எதை வாங்குவது என்பதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

வெள்ளை வைன் என்றால் எனக்கு ரீஸ்லிங்தான், அதுவும் ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் என்றால் உயிர். அந்தப் புளிப்பும் லேசான இனிப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். நான் வாங்கும் பாட்டில்களில் ஆல்கஹாலும் 8, 9 சதவீதம்தான்.

சிக்கல் சிவப்பு வைனில். கபர்னே சோவினியோன் ஒரு வாய் குடித்தாலே நாக்கு வறண்டு, ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின்தான் காரணம் என்று தெரியும், ஆனாலும் பழக முடியவில்லை. தோல் மெல்லிய திராட்சையில் செய்யும் பினோ நுவார் பரவாயில்லை. அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தபோது, கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே செர்ரி வாசனை வந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன்!

அடுத்த சிவப்பு வைனாக பிரான்சின் போஜோலே பகுதி கமே வாங்கலாமா, இத்தாலியின் பார்பெராவா? பார்பெராவில் டானின் குறைவு, புளிப்பு தூக்கல் என்பதால் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் வைனை ஊறவைக்கும் ஓக் மரப் பீப்பாயின் வனிலா வாசனை எனக்கு ஆகாது. ஓக் படாத பார்பெராவை லேபிளைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

அப்புறம், நான் ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ்தான் குடிப்பேன். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இந்த இரண்டில் எது மூன்றாம் நாளும் சுவை குன்றாமல் இருக்கும்? குடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.